சிலாபத்துத் தென்னந்தோட்டத்தில் ஒன்பது கார்கள்

சென்ற ஓகஸ்ட் மாதக் கடைசியில், பள்ளிக்கூட விடுமுறை முடிய ஒரு வாரம் இருக்கும்போது, நானும் என் கணவரும் எங்கள் ஊரான கண்டக்குழியிலிருந்து சிலாபம் போய் வந்தோம். சிலாபம் பட்டினத்துக்குத் தெற்கே நாலு மைலில் ஒரு பெரிய தென்னந்தோட்டம் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் ஒன்பது மோட்டார் கார்களை ஒரு நீளக் கொட்டிலில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும், காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டு மணிவரை, யார் போனாலும் ஓர் ஆள் கூடவே வந்து சுற்றிக் காட்டுவார். காசு வாங்குவதில்லை. எங்கள் பக்கத்தில் பலர் இதைக் கேள்விப்பட்டு வழி விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிறவள். எழுதிப் பழக்கம் அவ்வளவுதான். என் கணவரைப் பற்றி இதில் வருவதையெல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டி, "சரி, இருக்கட்டும்" என்று அவர் சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன்.

ஏன் போனோம் என்பதைச் சொல்லாமல் பயணத்தைச் சொல்ல முடியாது. இவர் ஒன்பது வருஷம் புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடையில் பஸ் ஓட்டியவர். போன வருஷம் ஆனி மழையில், முந்தல் தாண்டி ஒரு சின்னப் பாலத்தடியில், பிறேக் பிடிக்காமல் பஸ் ஓடைக்குள் இறங்கிவிட்டது. உள்ளே பதினொரு பேர். ஒரு பெண் செத்துப்போனாள். கோட்டில் வழக்கு வைத்து இரண்டு நாள் விசாரித்து இவர்மேல் பிழை இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து பதினாலு மாதம் இவர் ஒரு மோட்டார் வண்டியில் ஏறவில்லை. ஓட்டவும் இல்லை, இருந்து போகவும் இல்லை. என் அண்ணனோடு கடலுக்குப் போனார், கிழிந்த வலை பொத்தினார். இரண்டும் கைக்கு வரவில்லை. தலவிலக் கோயில் திருநாளுக்குச் சனம் ஏற்றிக்கொண்டு பஸ்கள் எங்கள் பக்கம் வந்த நாட்களில், ஹோன் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்துக் கடற்கரையிலேயே கிடந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சிலாபத்திலிருந்து என் பெரியம்மாவின் மகள் ரோசா அக்காவின் கடிதம் வந்தது. இவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் எழுத்துத் தெரியாது. வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். தாளின் முன்பக்கத்தில் நலம் விசாரித்து, "விடுமுறையில் இரண்டு பேரும் வாருங்கள், இங்கே பழைய கார்களைப் பார்க்க ஊரே போகிறது" என்று எழுதியிருந்தா. பின்பக்கத்தில் வேறொன்று. அந்தக் கார்களைக் கவனிக்கிற சேகு நானா மார்கழியில் கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போகிறார். திரும்பி வந்தாலும் வேலைக்கு வரமாட்டார். அவர் இடத்துக்கு இயந்திரம் தெரிந்த ஓர் ஆளைத் தேடுகிறார்கள். உன் மனுஷனைப் பற்றி நான் சேகு நானாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், கார் காட்டுகிற ஞாயிறு பார்த்துக் கூட்டிக்கொண்டு வா என்று முடித்திருந்தா.

நான் முன்பக்கத்தை வாசித்தேன். பின்பக்கத்தை வாசிக்காமல் தாளை மடித்தேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டார். "அவ்வளவுதான்" என்றேன்.

பழைய கார் என்றதும் இவர் முகத்தில் என்ன தெரிந்தது என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியாது. "நிக்கிற கார்தானே" என்றார். "ஓம், ஓடாத கார்" என்றேன். அதுவும் முழு உண்மை இல்லை என்பது பிறகு தெரிந்தது.

இனி வழி. கண்டக்குழியிலிருந்து பஸ்ஸில் போனால் பாலாவி வரை ஏறக்குறைய இருபத்திரண்டு மைல். நாங்கள் அந்த வழியை எடுக்கவில்லை, காரணம் சொன்னேன். சனிக்கிழமை காலை நாலரை மணிக்கு வெளிக்கிட்டு, ஒன்றரை மைல் மணலில் நடந்து, புத்தளம்வரை விரிந்து கிடக்கும் உப்புநீர்க் களப்பின் இறங்குதுறைக்குப் போனோம். அங்கிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு புத்தளம் போகிற பாய்வள்ளங்களில் ஆட்களையும் ஏற்றுவார்கள். தலைக்கு இருபது சதம். ஐந்தேகாலுக்குப் புறப்பட்டோம். தென்மேற்குச் சோளகக் காற்று நன்றாக விழுந்ததால் பதினாலு மைலையும் மூன்றரை மணி நேரத்தில் கடந்தோம். காற்றில்லாத மாதங்களில் மத்தியானம் ஆகலாம், குடிக்கத் தண்ணீரும் சாப்பிடப் பாணும் கொண்டு போங்கள். பெண்கள் வள்ளத்தின் நடுவில் இருப்பது நல்லது; எனக்கு முழங்கால்வரை நனைந்தது.

வள்ளத்தில் இவர் நன்றாகவே இருந்தார். பாய்க்காரனோடு காற்றைப் பற்றிக் கதைத்தார். என் கைதான் அடிக்கடி கடிதத்தைத் தொட்டுப் பார்த்தது. கடிதத்தை வீட்டில் விட்டால் யாராவது எடுத்து வாசித்துவிடுவார்கள் என்று பயந்து சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்திருந்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்கவும் மனம் வரவில்லை.

புத்தளத்தில் ரயில் மத்தியானம் ஒன்று நாற்பதுக்கு. மூன்றாம் வகுப்பு சிலாபம்வரை எழுபது சதம். அதுவரைக்கும் நிழலுக்கு ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடை போதும். சோறும் மீன்கறியும் இரண்டு பேருக்கு முப்பது சதம். ரயில் ஏறினால் வலது பக்கம் இருங்கள், உப்பளமும் களப்பும் தெரியும். நாங்கள் இடது பக்கம் இருந்தோம். மதுரங்குளி தாண்டிய பிறகு இவர் கண்ணை மூடிக்கொண்டார். முந்தல் வந்தபோது தூங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது, கை இரண்டும் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தன. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கச் சிலாபத்தில் இறங்கினோம்.

ரோசா அக்கா வீடு மீன்சந்தைக்குப் பின்னால். நான் இறங்கினதும் முதல் வேலையாக அவவைக் குசினிக்குள் இழுத்துப்போய், "இவருக்கு நான் சொல்லேல்ல, நீங்களும் சொல்லாதீங்க" என்றேன். அக்கா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா.

"சொல்லாம எப்படி? அந்தச் சேகு நானா மனுஷன் நாளைக்கு இவரைப் பாக்கத்தான் காத்துக்கொண்டு நிக்குது."

"கார்களைப் பாத்து மனசு மாறின பிறகு நான் மெதுவாச் சொல்லுறன்."

"உனக்குப் பயமில்லையா?" என்றா அக்கா.

பயம் இருந்தது. வேறு வழி தெரியவில்லை.

ஞாயிறு காலை மாதா கோயிலில் ஆறரைப் பூசை கண்டுவிட்டு, எட்டே காலுக்குத் திருக்கல் வண்டி பிடித்தோம். ஒற்றை மாடு, போக வர அறுபது சதம், அங்கே காத்திருப்பதும் சேர்த்து. வண்டிக்காரர் சிங்களவர், தமிழும் கதைப்பார். முதல் இரண்டு மைல் பெரிய றோட்டு, பிறகு ஒல்லாந்தர் வெட்டின வாய்க்காலை ஒட்டி மணல் பாதை. இரண்டு பக்கமும் தென்னை. மழைக் காலத்தில் இந்தப் பாதையில் சக்கரம் புதையும் என்று வண்டிக்காரர் சொன்னார். ஒன்பது இருபதுக்குத் தோட்டத்துக் கேற்றில் இறங்கினோம்.

எங்களோடு கனமூலையிலிருந்து வந்த ஒரு வியாபாரி, அவருடைய மனைவி, ஏழும் ஒன்பதும் மதிக்கக்கூடிய இரண்டு பெண்பிள்ளைகள். மொத்தம் ஆறு பேர். சேகு நானா வெள்ளைத் தொப்பியும் கோடு போட்ட சாரமுமாக வந்து கொட்டிலின் பெரிய கதவுகளைத் திறந்தார். அறுபதுக்கு மேல் வயது, ஒல்லி. என் கணவரைப் பார்த்ததும், "நீங்கதானா கண்டக்குழித் தம்பி?" என்றார். "ஓம்" என்றார் இவர், ரோசா அக்கா சொல்லியிருப்பா என்று நினைத்துக்கொண்டு. நல்ல காலம், அதோடு நானா கார்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

சுற்றிக் காட்டுவது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். நானா ஒவ்வொரு காருக்கும் ஒரு பட்டப் பெயர் வைத்திருக்கிறார். முதலாவது மூன்று சக்கர வண்டி, ஸ்டியரிங்குக்குப் பதிலாகப் படகுச் சுக்கான் மாதிரி ஒரு தடி, பெயர் தோணி. இரண்டாவது பிரான்சு தேசத்துக் கார், சைக்கிளைப்போலச் சங்கிலியால் ஓடுவது. அது கொழும்பில் கப்பலால் இறங்கியபோது ஓட்டத் தெரிந்த ஆள் கிடைக்காமல் இரண்டு மாடு பூட்டிச் சிலாபம்வரை இழுத்து வந்தார்களாம். மூன்றாவது நீராவிக் கார். "தேங்காச் சிரட்டை போட்டு அரை மணித்தியாலம் எரிச்சாத்தான் அசையும். அவசரமாப் போறதெண்டா நடந்து போறதுதான் நல்லம்" என்றார். வியாபாரி சிரித்தார். நாலாவதில் ஒருமுறை வெள்ளைக்காரத் தேசாதிபதி ஏறிப் போனாராம். ஐந்தாவதின் பக்கங்கள் பிரம்பால் பின்னியவை. இத்தனையும் சேர்ந்தது எப்படியென்றால், இப்போதைய சொந்தக்காரரின் தகப்பனாருக்கு எந்தக் காரையும் விற்க மனம் வராது. பழுதானால் இந்தக் கொட்டிலுக்குள் தள்ளிவிட்டு இன்னொன்று வாங்குவார்.

நான் கார்களைப் பார்த்ததைவிட இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மூன்று கார்களுக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நாலாவதில் குனிந்து அடியில் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார். ஐந்தாவதில் சக்கரத்தின் மரக் கம்பியை விரல் நகத்தால் தட்டிப் பார்த்தார். பதினாலு மாதத்தில் ஒரு மோட்டார் வண்டியை இவர் தொட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானா எந்த நிமிஷம் வாயைத் திறந்து வேலையைப் பற்றிச் சொல்வாரோ என்றுதான் இருந்தது. இவருக்கும் நானாவுக்கும் நடுவில் வந்து வந்து நின்றேன். வியாபாரியின் மனைவி, "உங்களுக்குக் கார்ல நல்ல ஆசபோல" என்றா.

ஆறாவது கார்தான் எல்லாவற்றிலும் பெரியது. பித்தளை விளக்குகள், ரப்பர்க் குமிழ் வைத்த ஹோன், மேல் திறந்த உடம்பு. பெயர் யானை. மாதத்தில் ஒருமுறை, வந்தவர்களுக்காக அதை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார்களாம். எனக்கு இது தெரியாது. வியாபாரியின் பிள்ளைகள் அதற்குள் ஏறி, முன்சீற்றில் ஹோனை அமுக்கி, இருந்ததையெல்லாம் பிடித்து ஆட்டி விளையாடிவிட்டுப் பின்சீற்றுக்குத் தாவியிருந்தார்கள். நானா பெற்றோல் குழாயைத் திறந்துவிட்டு, இரும்புக் கைப்பிடியை எடுத்துக்கொண்டு காருக்கு முன்னால் போய்க் குனிந்தார். அந்தக் காலத்துக் கார்களுக்கு முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றித்தான் இயந்திரத்தைக் கிளப்ப வேண்டும்.

"நில்லுங்க நானா."

இவருடைய குரல்தான். சத்தம் போடவில்லை, ஆனாலும் எல்லோரும் திரும்பினோம். நானா குனிந்தபடியே தலையை நிமிர்த்தினார்.

"என்ன தம்பி?"

"கியரைப் பாத்தீங்களா?"

"அது எப்பவும் நடுவில, வெறுமையிலதான் இரிக்கி. நான்தானே விட்டு வெச்ச."

இவர் காரின் பக்கத்துக்கு வந்தார். உள்ளே ஏறவில்லை, வெளியே நின்றபடி கையை நீட்டிக் கியர்க் கம்பியைப் பிடித்து அசைத்தார். அசையவில்லை. இன்னொரு முறை அசைத்தார்.

"கியர் விழுந்து கிடக்கு. பிள்ளையள் இழுத்திருக்கும். இப்ப சுத்தியிருந்தா கார் உங்களுக்கு மேல ஏறிக்கொண்டு வந்திருக்கும்" என்றார்.

அது என்னவென்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. காருக்கு முன்னால் நானா, அவருக்குப் பின்னால் பத்தடியில் வியாபாரியும் நானும், எங்களுக்குப் பின்னால் திறந்த கதவு. வியாபாரி பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி இறக்கினார். நானா கைப்பிடியை நிலத்தில் வைத்துவிட்டு, "யா அல்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னார்.

பிறகு இவரே பலங்கொண்டு கம்பியை நடுவுக்குத் தள்ளினார். "ஏறி இருங்க தம்பி, நான் சுத்துறன்" என்றார் நானா. இவர் தலையை ஆட்டி மறுத்தார். படியில் ஒரு காலை வைத்து, வெளியே நின்றபடியே பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிற சின்னக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது சுற்றில் யானை கிளம்பியது. கொட்டில் முழுக்க அதிர்ந்தது. கூரையிலிருந்து தூசி கொட்டியது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இவர் மட்டும் கடைசிவரை உள்ளே ஏறவில்லை. படியில் நிற்பதுதான் வசதி என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரியும்.

இயந்திரத்தை நிறுத்தியதும் நானா வேர்வையைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "ரோசா தங்கச்சி லெட்டர் எழுதிச் சரியான ஆளத்தான் கூப்பிட்டிரிக்கிறா. எனக்குப் பொறகு இந்த வேலைக்கு இவர்தான் சரி. தோட்டத்து மாத்தயாவும் இன்டைக்கு உங்களப் பாக்கத்தான் பங்களாவில இரிக்கிறாரு, தம்பி."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு நானாவிடம், "மிச்சக் காரையும் பாப்பம்" என்றார்.

இன்னும் மூன்று கார்கள் இருந்தன. ஏழாவது கொப்பரா ஏற்றப் பின்பக்கத்தை வெட்டித் தட்டுப் போட்டது, எட்டாவது பெண்கள் போகத் திரை கட்டியது, ஒன்பதாவது பழையதல்ல, சொந்தக்காரர் கோயிலுக்குப் போக வைத்திருப்பது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். நானா சொன்ன கதைகள் எதுவும் என் காதில் ஏறவில்லை. இந்தப் பகுதிக்கு என்னை நம்ப வேண்டாம், நீங்களே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். இவர் எனக்கு முன்னால் நடந்தார். ஒவ்வொரு காரிலும் நின்றார், குனிந்தார், கேள்வி கேட்டார். நானாவோடு கதைத்த குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

பதினொன்று பத்துக்கு எல்லாம் முடிந்தது. வியாபாரி வந்து இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் வியாபாரியின் மனைவியிடம் விடைபெற்றுத் திரும்பியபோது இவரைக் காணவில்லை. வண்டிக்காரரைக் கேட்டேன், தெரியாது என்றார். கொட்டிலுக்குள் இல்லை. வாய்க்கால் பக்கம் ஓடிப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. வாய்க்கால் தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த இரண்டு நிமிஷத்தில் நான் நினைத்தவற்றை எழுத விரும்பவில்லை.

கொட்டிலுக்குப் பின்னால் கிணறு இருக்கிறது. அங்கே இவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். விரலிடுக்கில் கறுப்புக் கிறீஸ், மணலைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரிந்தும் நிமிரவில்லை.

"கடிதத்தில இன்னும் என்ன இருந்தது?"

சட்டைக்குள்ளிருந்து எடுத்துப் பின்பக்கத்தை முழுதாக வாசித்தேன். கேட்டு முடித்துவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏன் அண்டைக்கு வாசிக்கேல்ல?"

"வாசிச்சா வந்திருக்கமாட்டீங்க."

"வந்திருக்கமாட்டன். ஓம்." கையை உதறினார். "அதை நான்தானே சொல்லியிருக்க வேணும். எனக்குக் கடிதம் வாசிக்கிறது நீ ஒருத்திதான். நீ பாதியில விட்டா, நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

"பிழைதான்" என்றேன். அவர் சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு பங்களாவை நோக்கி நடந்தார். கூட வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நாலடி பின்னால் நானும் போனேன்.

சொந்தக்காரர் விறாந்தையில் பிரம்புக் கதிரையில் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். எல்லோரும் அவரை மாத்தயா என்கிறார்கள். சிங்களவர்; தமிழ் எங்களைப் போலவே கதைக்கிறார். சேகு நானா தூணோடு நின்றார். இவர் உட்காரவில்லை.

"மாத்தயா, முந்தல் பாலத்தடியில விழுந்த பஸ்ஸ ஓட்டினவன் நான்" என்று தொடங்கினார்.

"தெரியும். உன்னில பிழை இல்லையெண்டு கோட்டில சொன்னாங்க."

"ஓம். ஆனா நான் இப்ப ஓட்டுறதில்ல. ஏறப் போனாலே கை நடுங்குது. உங்கட வேலைக்கு ஓட்டுற ஆள் வேணுமெண்டா நான் சரிவரமாட்டன். அதைச் சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான்."

மாத்தயா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "கார்களைப் பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தன்."

"என்ன கண்டாய்?"

இவர் சேகு நானாவைப் பார்த்தார். நானா பார்வையை நிலத்துக்கு விட்டார். எனக்கு அந்த மனுஷனை நினைத்தும் பயமாகிவிட்டது. இவர் மெதுவாகச் சொன்னார்: நாலாவதில் பெற்றோல் கசிகிறது, பக்கத்தில் யாரும் சுருட்டுப் பற்ற வைத்தால் கொட்டிலே போய்விடும். ஐந்தாவதின் பின்சக்கரத்தில் மரத்தைச் செல்லுப் பூச்சி அரித்துவிட்டது, உருட்டக் கூடாது. சங்கிலிக் காருக்குத் தேங்காயெண்ணெய் போட்டிருக்கிறது, அது பிசினாகி மணலைப் பிடித்துக்கொள்கிறது. "களப்புக் காத்தில இவ்வளவு காலம் இரும்பு நிக்கிறதெண்டா நானா நல்லாத்தான் பாத்திருக்கிறார். ஒரு ஆளால ஒன்பதையும் பாக்கிறது கஷ்டம்" என்று முடித்தார்.

"உண்மைதான் மாத்தயா. எனக்குக் கண்ணும் இப்ப சரியாத் தெரியிறல்ல" என்றார் நானா. "இன்டைக்கு இவர் இல்லாட்டி நான் மவுத்தாப் போயிருப்பன்." நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னார்.

மாத்தயா எழுந்து விறாந்தையில் இரண்டு தரம் நடந்தார். "மூண்டு மாசம் வந்து பார். நானா போக முதல் எல்லாத்தையும் கேட்டுக்கொள். ஓட்டுற கதையைப் பிறகு கதைப்பம்."

"மூண்டு மாசத்துக்குப் பிறகும் ஓட்டமாட்டன் எண்டு சொன்னா?"

"அப்ப நான் வேற ஆள் பாப்பன். கோயிலுக்கும் கொழும்புக்கும் எனக்கு ஆள் வேணும்தானே."

"சரி" என்றார் இவர்.

திரும்பும் வழி வந்த வழியேதான், கூலியும் அதேதான். திங்கட்கிழமை காலை ஏழு இருபது ரயில், புத்தளத்தில் ஒன்பதரை. வள்ளம் பத்தரைக்கு. சிலாபத்திலிருந்து வீடுவரை இவர் என்னோடு பத்துச் சொல்லுக்கு மேல் பேசவில்லை. கோபத்தில் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். புத்தளத்தில் ரயிலை விட்டு இறங்கும்போது என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். வள்ளத்தில் நனையாத பக்கத்தை எனக்கு விட்டார். செப்டெம்பர் முதல் வாரம் தனியாகச் சிலாபத்துக்குப் போய் வேலையில் சேர்ந்தார்.

இப்போது தோட்டத்து அறையில் தங்கியிருக்கிறார். பள்ளிக்கூடம் இருப்பதால் நான் கண்டக்குழியில். வாரம் ஒரு கடிதம் போடுகிறேன். ஞாயிறுகளில் அவர் ரோசா அக்கா வீட்டுக்கு நடந்து போய் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். நான் எழுதினதை வேறொருத்தி வாசிக்க, அவர் கேட்பதை நினைத்தால் ஒரு மாதிரித்தான் இருக்கிறது. அதைப் பற்றி முறைப்பட எனக்கு வாய் இல்லை.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு நான் மறுபடி போனேன், மற்றவர்களோடு சேர்ந்து பார்க்க வந்தவளாகவே. நானா கதிரையில் இருந்துகொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். இவர்தான் சுற்றிக் காட்டினார். ஏழாவது, எட்டாவது கார்களின் கதைகளையும் அன்றைக்குத்தான் கேட்டேன். நாலாவதில் இப்போது பெற்றோல் மணம் இல்லை. முடிந்த பிறகு கேற்வரை கூட வந்து, "அடுத்த மாசமும் வருவியா?" என்று கேட்டார். வருவேன் என்றேன். மூன்று மாதம் டிசெம்பர் தொடக்கத்தில் முடிகிறது. இவர் இன்னும் ஸ்டியரிங்கில் உட்காரவில்லை. மாத்தயா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. இரவில் நித்திரை குறைவுதான். ஆனால் இந்த முறை பயப்படுகிறதை இவருக்கும் சொல்லித்தான் பயப்படுகிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஒன்பதரைக்கு முன்னால் போகாதீர்கள், கேற் திறக்காது. வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், விரும்பினால் ஏதாவது போடலாம், அது கோயிலுக்குப் போகும். கொட்டிலுக்குள் சுருட்டோ பீடியோ வேண்டாம். பிள்ளைகளைக் கொண்டு போகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காருக்குள் ஏற விட்டால் எந்தக் கம்பியையும் தொட விடாதீர்கள். தோட்டத்தில் சாப்பாடு கிடைக்காது, இளநீர் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் பாதை மோசம், ஒரு மணி நேரம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றிக் காட்டுகிறவர் அதிகம் கதைக்கமாட்டார். இயந்திரத்தைப் பற்றி எதைக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்வார். ஏறி ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். போன மாதம் ஒருவர் கேட்டார். இவர் "நான் ஓட்டுறதில்ல" என்று சொல்லிவிட்டு, யானையை வெயிலுக்குக் கொண்டுவரப் பின்னால் போய்த் தோள் கொடுத்துத் தள்ளத் தொடங்கினார். கேட்டவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார், பிறகு நானும் போனேன். பாரமான கார். நீங்கள் போகும்போதும் அப்படி வந்தால் ஒரு கை கொடுங்கள்.